தண்ணீர்மலையும் ஜாதிக்காய்ச் சாறும்

பினாங்குத் தைப்பூசம் பற்றி எழுதுகிற பயணிகள் எல்லாரும் அலகையும் காவடியையும்தான் எழுதுகிறார்கள். கையில் வாங்கிக் குடித்த டம்ளரைப் பற்றி யாரும் எழுதக் காணோம். எனக்கென்னவோ அதில்தான் ஊரின் வரலாறு இருப்பதாகப் படுகிறது.

முதலில் பந்தல். தைப்பூசத்துக்கு முந்தைய நாள், ஜார்ஜ் டவுன் பினாங்குத் தெருவிலுள்ள நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும். காரைக்குடியில் செய்து 1894-ல் கப்பலேற்றி வந்த ரதம். சீனர்களும் வழியில் தேங்காயைக் குவித்து வைத்து உடைக்கிறார்கள். மறுநாள் மலைக்கோவில் போகும் பாதை நெடுக தண்ணீர்ப் பந்தல்கள். மோர், எலுமிச்சைச் சாறு, அப்புறம் ரோஸ் சிரப்பும் பாலும் கலந்த மலாய்க்காரர்களின் 'பண்டுங்'. காசு கொடுக்கப் போனால் கோவித்துக்கொள்கிறார்கள்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் தண்ணீர்ப் பந்தலுக்கு விட்ட நிவந்தங்கள் உண்டு. பெரியபுராணத்தில் திங்களூர் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பேரிலேயே பந்தல் வைத்திருக்கிறார். வெயிலில் வந்த அப்பர் அங்கே தன் பெயரைப் பார்க்கிறார். அந்த வழக்கம் கடல் தாண்டி வந்து பண்டுங் ஊற்றுகிறது. ஸ்பீக்கர் சத்தம் மட்டும் கொஞ்சம் குறையலாம்!

அந்த மலைக்கே தமிழர்கள் வைத்த பேர் தண்ணீர்மலை. பக்கத்திலிருக்கும் அருவிதான் காரணம். கம்பெனி காலத்தில் ஊருக்கும் துறைமுகத்துக் கப்பல்களுக்கும் குடிநீர் தந்த அருவி அது. செட்டிநாட்டில் ஆண்களுக்குத் தண்ணீர்மலை என்று பேர் வைப்பார்கள். சின்ன வயசில் கேட்டிருக்கிறேன், எந்த மலைன்னு கேட்கத் தோன்றவில்லை. வட்டித் தொழிலுக்குப் போன இடத்து முருகன், திரும்பி வந்து பிள்ளைக்குப் பேராகியிருக்கிறார்.

இரண்டாவது டம்ளர் காசுக்கு வாங்கியது. தெருவோரக் கடையில் ஜாதிக்காய் ஜூஸ். நம்மூரில் ஜாதிக்காய் என்றால் நாட்டு மருந்துக் கடைக் கொட்டை. சதை எப்படி இருக்கும்னே நமக்குத் தெரியாது. இங்கே அந்தச் சதையைத்தான் சாறாக்குகிறார்கள். புளிப்பு, துவர்ப்பு, பின்னால் லேசான காரம். முதல் வாய்க்கு மருந்து மாதிரி இருந்தது, மூன்றாவது வாய்க்குப் பிடித்துப்போனது.

ஜாதிக்காய் இந்தத் தீவின் மரமில்லை. பிரான்சிஸ் லைட் 1786-ல் பினாங்கைப் பிடித்துப் பத்து வருஷம் கழித்து, ஆங்கிலேயர் டச்சுக்காரர்களிடமிருந்து அம்போனாவையும் பண்டாவையும் கைப்பற்றினார்கள். டச்சுக்காரர்கள் பொத்திப் பொத்திக் காத்த ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைக் கம்பெனி ஆட்கள் அங்கிருந்து இங்கே கொண்டுவந்து நட்டார்கள். தோட்டங்கள் பெருகின. 1860-களில் நோய் விழுந்து பெரும்பாலானவை அழிந்தன. பாலிக் புலாவ் பக்கம் மட்டும் இன்னும் மரங்கள் நிற்கின்றன.

ஒன்றைக் கவனியுங்கள். ஐரோப்பியச் சந்தைக்கு வேண்டியது கொட்டையும் அதன்மேல் சுற்றியிருக்கும் ஜாதிபத்திரியும்தான். சதைக்கு அங்கே விலையில்லை, அழுகிப்போகும். கப்பலேறாமல் மிஞ்சிய அதை ஊர்க்காரர்கள் ஊறுகாய் போட்டார்கள், சர்க்கரையில் காயவைத்தார்கள், பிழிந்து குடித்தார்கள். கம்பெனி போய்விட்டது. கடைக்காரர் ஐஸ் போட்டு இன்னொரு டம்ளர் நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.