கண்டு, மறந்து, திரும்பவும் கண்ட கோடுகள்

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள். சாதாரண தரத்தோடேயே விஞ்ஞானத்துக்குப் பெரிய கும்பிடு ஒன்று போட்டுவிட்டு வந்தவர்கள். அப்படியிருக்கத் தசையைப் பற்றி ஏன் எழுதுகிறோம் என்று கேட்பீர்கள். தசைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு நூற்றாண்டு கண்டுபிடித்ததை அடுத்த நூற்றாண்டு மறந்துபோன வரலாறு அது. யாரும் எதையும் எரிக்கவில்லை, தடைசெய்யவில்லை. கட்டுரைகள் நூலகத்திலேயே இருந்தன. எடுத்து வாசிக்கத்தான் ஆள் இல்லாமல் போனது.

முதல்ல தசைக்குள்ள என்ன இருக்கு எண்டு பாப்பம். கையை மடக்கும்போது புஜம் திரளுதே, அந்தத் தசையின் ஒரு நாரை நுணுக்குக்காட்டியில் வைத்தால் இருட்டும் வெளிச்சமுமாகக் குறுக்குக் கோடுகள் தெரியும். ஒரே கோலம் திரும்பத் திரும்ப வரும். அந்தக் கோலத்தின் ஒரு துண்டுதான் சாக்கோமியர். இரண்டு அந்தத்திலும் இசட் கோடு, நடுவில் இருண்ட ஏ பட்டை, அதன் இருபுறமும் வெளிறிய ஐ பட்டை. நீளம் ஏறத்தாழ இரண்டரை மைக்ரோமீற்றர். ஒரு சென்ரிமீற்றர் நீளமான தசை நுண்ணாரில் இப்படி 4000 துண்டுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் அரை மைக்ரோமீற்றர் சுருங்கினாலே மொத்தமாக 2 மில்லிமீற்றர் குறைந்துவிடும்.

இந்தக் கோடுகளை 1840இல் லண்டனில் வில்லியம் பௌமன் விரிவாக எழுதிவிட்டார். 1858இல் வியன்னாவின் ஏர்ன்ஸ்ட் ப்ரூக்க முனைவாக்கிய ஒளியை வைத்து இரண்டு பட்டைகளையும் வேறு வேறாகப் பிரித்துக் காட்டினார். (இந்த ப்ரூக்கவின் ஆய்வுகூடத்தில்தான் பிற்பாடு சிக்மண்ட் ஃப்ராய்ட் வேலை பழகினார். ஃப்ராய்டைச் சொன்னால் எங்கட ஆக்கள் நிமிர்ந்து இருப்பினம்!) அதற்குப் பிறகு க்ரௌச போன்ற ஜேர்மன்காரர்கள் முக்கியமான ஒன்றைக் கவனித்தார்கள்: தசை சுருங்கும்போது ஐ பட்டை ஒடுங்குகிறது, ஏ பட்டையோ அப்படியே இருக்கிறது.

விடை பாதி கைக்கு வந்துவிட்டது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அதைப் பெரிதாக யாரும் எடுக்கவில்லை. குடல் சுவரில் உள்ள தசையில் இந்தக் கோடுகள் இல்லை, ஆனாலும் அது சுருங்குகிறது. அப்படியென்றால் கோடுகள் முக்கியமில்லை என்று நினைத்தார்கள். நுணுக்குக்காட்டியில் குவியத்தைக் கொஞ்சம் மாற்றினால் இருட்டுப் பட்டை வெளிச்சமாகத் தெரிவதும் பழைய அவதானங்களில் சந்தேகத்தைக் கிளப்பியது. அதைவிட, காலம் இரசாயனத்தின் காலமாகிவிட்டது. புரத மூலக்கூறு சுருள்கிறது, மடிகிறது, அதனால்தான் தசை குறுகுகிறது என்பதே அப்போதைய நம்பிக்கை. கண்ணால் பார்த்தவனுக்கு மவுசு போய்விட்டது. எங்களுக்கு இதில்தான் கோபம் வருகிறது.

இரசாயனக்காரரைக் குறைசொல்லி விடவும் ஏலாது. 1939இல் மொஸ்கோவில் எங்கல்ஹார்ட், ல்யுபிமோவா தம்பதியினர் மயோசின் என்ற தசைப் புரதமே ஏ.ரி.பி.யை உடைக்கிறது என்று காட்டினார்கள். போர்க்காலத்தில் ஹங்கேரியின் செகெட் நகரில் அல்பர்ட் சென்ட்-ஜியோர்ஜியின் குழு அதைத் தொடர்ந்தது. இலோனா பங்கா அரைத்த தசையை ஒரு இரவு அப்படியே வைத்துவிட்டுப் பிரித்தெடுத்தபோது, வழமையைவிடப் பிசுபிசுப்பான மயோசின் கிடைத்தது. அதற்குள் இன்னொரு புரதமும் கலந்திருந்ததுதான் காரணம். ஸ்ட்ரௌப் அதைத் தனியாகப் பிரித்தார், அதுதான் அக்ரின். இரண்டும் சேர்ந்த நூலைக் கிண்ணத்தில் போட்டு ஏ.ரி.பி. விட்டால், உயிரில்லாத அந்த நூல் கண்முன்னே சுருங்கியது. சென்ட்-ஜியோர்ஜி நாசிகளுக்கு எதிராக வேலைசெய்து கெஸ்ராப்போவுக்கு ஒளிந்து திரிந்த மனிதர். அவருடைய குழுவின் முடிவுகள் மேற்குலகுக்குப் பரவலாகப் போய்ச்சேர்ந்தது போர் முடிந்த பிறகுதான்.

சுருங்குகிற பொருள் எதுவென்று தெரிந்துவிட்டது. எப்படிச் சுருங்குகிறது என்பது மட்டும் தெரியாது.

அதற்குப் பதில் வந்தது 1954 மே 22ஆம் திகதி. நேச்சர் சஞ்சிகையின் ஒரே இதழில், அடுத்தடுத்த பக்கங்களில் இரண்டு கட்டுரைகள். ஒன்று அன்ட்ரூ ஹக்ஸ்லியும் றொல்ஃப் நீடர்கெர்கவும் எழுதியது. மற்றது ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதியது. இரண்டு ஹக்ஸ்லிகளும் சொந்தக்காரர் இல்லை. இதில் குழம்பாத ஆளே இல்லை. அன்ட்ரூ குவியச் சிக்கலைத் தாண்ட, தானே வடிவமைத்த ஒரு நுணுக்குக்காட்டியால் தவளையின் உயிருள்ள நாரைப் பார்த்தார். ஹியூவும் ஹான்சனும் முயலின் தசையிலிருந்து பிரித்த நுண்ணார்களைப் பார்த்தார்கள். மயோசினைக் கரைக்கும் உப்புக் கரைசலில் நாரை வைத்தபோது இருண்ட பட்டை மறைந்துபோனது. அப்படியென்றால் ஏ பட்டையில் உள்ள தடித்த இழைகள் மயோசின். மெல்லிய இழைகள் அக்ரின்.

இரண்டு கட்டுரையும் சொன்னது ஒன்றைத்தான்: ஏ பட்டை மாறவில்லை. எந்த இழையும் குறுகவில்லை. ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி நுழைகிறது. உங்கட இரண்டு கை விரல்களையும் நுனியில் கோர்த்துப்பிடித்து, மெல்ல உள்ளே தள்ளிப் பாருங்கோ. விரல் கட்டையாவதில்லை, கைகள்தான் கிட்ட வருகின்றன. இழுக்கிற வேலை மயோசினின் சின்னத் தலைகளுக்கு. அவை அக்ரினைப் பிடிக்கும், இழுக்கும், விடும். விடுவதற்கு ஏ.ரி.பி. வேண்டும். இறந்த உடல் விறைப்பது ஏன் என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது: ஏ.ரி.பி. தீர்ந்துபோனால் பிடித்த பிடி விடாது.

உடனே எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். மூலக்கூறு மடியத்தான் வேண்டும் என்ற ஆட்கள் பல வருடம் விடவில்லை. 1957இல் இழைகளுக்கு இடையிலுள்ள குறுக்குப் பாலங்களை ஹியூ இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்களில் காட்டிய பிறகும் வாதம் ஓய நாள் எடுத்தது.

ஜீன் ஹான்சனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் விட மனமில்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரியில், றோசலின்ட் ஃப்ராங்க்ளின் வேலைசெய்த அதே ஆய்வுப் பிரிவில் இருந்தவர். ஃப்ராங்க்ளினின் பெயரை இன்றைக்கு நாங்கள்கூட அறிவோம். இந்தக் கட்டுரைக்காகத் தேடும்வரை ஹான்சன் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. 1973இல், 53 வயதில் திடீரென இறந்துபோனார். வழுக்கும் இழைக்காக நால்வரில் எவருக்கும் நோபல் கிடைக்கவில்லை. அன்ட்ரூவுக்கு 1963இல் கிடைத்தது நரம்பு ஆய்வுக்கு.

அன்ட்ரூ பிற்காலத்தில் அந்தப் பழைய கட்டுரைகளைத் தேடி வாசித்தார். 1980இல் வந்த தன்னுடைய நூலில், தாங்கள் 1954இல் கண்டதில் எவ்வளவை ஏற்கெனவே பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர் பார்த்துவிட்டார்கள் என்றும், அது எப்படித் தொலைந்தது என்றும் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கிறார்.