சோழிக் கணக்கும் நிரூபணமும்

செம்மண் தோட்டங்களில் புகையிலையும் வெங்காயமும் செய்து, 16 பரப்பை ஓர் ஏக்கராகக் கணக்கிட்டு வாழும் யாழ்ப்பாணத்துப் புத்தூர் மக்கள், விதைப்புக்கும் விவாகத்துக்கும் விரதத்துக்கும் நாள் பார்க்க நெடுங்காலம் நம்பியது வாக்கிய பஞ்சாங்கத்தையே. சந்திரனுடைய கதியை எண்களாக்கி, எண்களை எழுத்துக்களாக்கி, எழுத்துக்களை மனனஞ் செய்தற்குரிய வாக்கியங்களாக்கித் தந்த பூர்விகரின் யுக்தி அதற்கு ஆதாரம். புதுச்சேரியில் யோன் வாரன் என்னும் ஐரோப்பியர் கண்ட தமிழ்ப் பஞ்சாங்ககாரர் ஒருவர், தரையிலே சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே 1825 மே 31 இரவின் சந்திரகிரகணத்தைக் கணித்தார். ஆரம்பத்தில் நேர்ந்த பிழை 4 நிமிஷம். முடிவில் 52 நிமிஷம். அத்துணை ஆற்றல் படைத்த அவர், தாம் செய்த கணக்கின் காரணத்தை அறியார்.

காரணமறியாக் கணிதத்தின் குறை யாழ்ப்பாணத்தில் 1829 மார்ச் 20 இல் வெளிப்பட்டது. அன்றைய கிரகணத்தைப் பற்றிய அராலிப் பஞ்சாங்கத்தின் கணிப்புப் பிழையென வட்டுக்கோட்டைச் செமினரித் தலைவர் டானியல் பூவர் முன்னரே அறிவித்தார். கிரகணம் அவர் கூற்றையே மெய்ப்பித்தது. மதப் பிரசாரம் அவர் நோக்கிற் கலந்திருந்தது உண்மையே. எனினும், ஏன் என்று வினவும் கணிதம் இம்மண்ணில் வேரூன்றியதற்கு அச்செமினரிக்கு நாம் கடமைப்பட்டவர்கள். அங்கே கணிதம் போதித்த கறோல் விசுவநாதபிள்ளை 1855 இல் வீசகணிதத்தைத் தமிழிலேயே எழுதினார். புத்தூருக்கு அயலிலுள்ள சிறுப்பிட்டியிற் பிறந்து அச்செமினரியிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, அவருடன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, பின்னாளில் ஏடு ஏடாக ஒப்புநோக்கித் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் பதிப்பித்தார்.

இன்று செயற்கை நுண்ணறிவு ‘ஏன்’ என்னும் அதே வினாவை மறுபடி எழுப்புகின்றது. 2024 இல் கூகுள் டீப்மைண்டின் இயந்திரங்கள் சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டின் 6 வினாக்களில் 4 ஐத் தீர்த்து, 42 க்கு 28 புள்ளிகளுடன் வெள்ளிப் பதக்கத்துக்குரிய தரத்தை எய்தின. அவற்றுள் ஆல்பாப்ரூஃப் தன் நிரூபணங்களை லீன் என்னும் கணினி மொழியில் எழுதுவதால், ஒவ்வோர் அடியும் சோதனைக்கு உட்பட்டே நிற்கும்; ஆராய்ச்சிக்கு இது பெரும் பேறு என்றே கருதுகிறேன். கல்வியின் நிலை வேறு. கைத்தொலைபேசியிற் கேட்டு வீட்டுக் கணக்கை எழுதி முடிக்கும் மாணவனுக்கு விடை கிடைக்கிறது; வழியும் வரிவரியாகக் கிடைக்கிறது; ஆனால் ஓரடியிலிருந்து மறு அடிக்கு ஏன் சென்றோம் என்று அவனைக் கேட்பார் இல்லாவிடில், சோழி பரப்பியவரின் மனப்பயிற்சிகூட அவனுக்கு மிஞ்சாது. ஆகவே கொணர்ந்த விடையைப் பார்த்து மகிழாமல், மாணவனைக் கரும்பலகைக்கு அழைத்து, நடுவிலுள்ள ஓர் அடிக்குக் காரணம் கேட்கும் கணித ஆசிரியரே இன்று புத்தூருக்கு வேண்டும்.