தேறிய பிள்ளைக்கு மட்டும் காசு

தோழர்களே, திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தவை. 1892இன் பஞ்சமி நில ஆணைக்கு வழிவகுத்த ட்ரெமென்ஹீர் அறிக்கை இந்த மண்ணைப் பற்றியதுதான். அந்த நிலக் கதையை அறிந்த நாம், அதே காலத்துப் பள்ளிக் கதையை மறந்துவிட்டோம்.

அன்று சென்னை மாகாணத்தின் உதவிபெறும் ஊர்ப்பள்ளிகள் பலவற்றுக்குத் தேர்வு முடிவைப் பார்த்தே மானியம். இன்ஸ்பெக்டர் வந்து தேர்வு வைப்பார். தேறிய பிள்ளைக்குத்தான் காசு. ஆசிரியரின் பிழைப்பும் அதில்தான். நடவுக்கும் அறுப்புக்கும் போய்வரும் சேரிப்பிள்ளை தேறாவிட்டால் அவருக்கு நட்டம். அப்படியிருக்க, அந்தப் பிள்ளையை யார் விரும்பிச் சேர்ப்பார்? மனப்பாடம்தான் வளர்ந்தது. இங்கிலாந்தில் 1862இல் வந்த இம்முறை அங்கேயே கைவிடப்பட்டது. இங்கே 1904இல் கர்சன் அரசின் கல்வித் தீர்மானம் நிராகரித்தது.

இன்று சிப்காட்டையும் செங்கல் சூளைகளையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியே கதி. அங்கே கணக்குக் கேட்பது நம் உரிமை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர்.

எனவே கூட்டத்தில் இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேளுங்கள். பிள்ளை ஏன் வாசிக்கவில்லை என்று ஆசிரியரிடம். அவருக்குப் பயிற்சியும் துணை ஆசிரியரும் எங்கே என்று அரசிடம். முதல் கேள்வியை மட்டும் கேட்டால் பழி ஆசிரியருக்கு, இழப்பு நம் பிள்ளைக்கு.