மழை மறைவில் ஒரு நாடு: மறையூரும் அஞ்சுநாடும்

இடுக்கி மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், ஆனைமலைத் தொடரின் முதுகுப்புறம் கிடக்கிறது மறையூர்ப் பள்ளத்தாக்கு. 2,695 மீட்டர் உயர ஆனைமுடியும் அதைச் சூழ்ந்த சிகரங்களும் தென்மேற்குப் பருவமழையை மேற்குச் சரிவிலேயே வாங்கிக்கொள்கின்றன. மூணாற்றில் கொட்டித் தீர்க்கும் மேகம் இங்கே வெறுங்காற்றாக இறங்குகிறது. பள்ளத்தாக்கின் கீழ்க்கோடியிலுள்ள சின்னாறு சரணாலயத்தில் ஆண்டு மழை சுமார் 500 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது. கள்ளியும் உடைமரமும் நட்சத்திர ஆமையும் வாழும் நிலம் இது. கேரளத்துக்குள் பாலை என்று சொல்லத்தக்க இடம் இருக்குமானால் அது இதுவே.

இங்கு மனிதர் குடியேறியதன் பழைய சான்றுகள் பாறைகளில் உள்ளன. அட்டளை, எழுத்தளை முதலிய இடங்களின் பாறை ஒதுக்குகளில் விலங்குகளும் மனித உருவங்களும் காவியிலும் வெண்மையிலும் தீட்டப்பட்டுள்ளன. அடுத்த கட்டம் பெருங்கற்காலம். பாம்பாற்றை ஒட்டிய கோவில்கடவு, மறையூர்ப் பாறைமேடுகளில் நிற்கும் கல்திட்டைகள் அக்காலத்து ஈமச்சின்னங்கள். கருங்கற் பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பெரும்பலகையை மூடியாக ஏற்றியிருக்கிறார்கள். முனிவர் தவமிருந்த அறை என்று கருதி ஊரார் இவற்றை முனியறை என்கிறார்கள். ஏர் ஓட்டப் பயன்படாத வெறும்பாறையில் எழுப்பப்பட்டதே இவை இவ்வளவு காலம் பிழைத்ததற்குக் காரணமாக இருக்க வேண்டும். உழவரிடம் தப்பிய கற்கள் சுற்றுலாக்காரரிடம் தப்பவில்லை. ஏறி மிதித்துச் சரிந்தவை பல.

பிற்காலத்தில் மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்கள் சேர்ந்து அஞ்சுநாடு எனப்பட்டன. இவ்வூர்களின் பழங்குடும்பங்கள் தங்கள் முன்னோர் மதுரைப் பக்கத்துக் குழப்பங்களுக்கு அஞ்சி மலையேறியவர்கள் என்கின்றன. ஆண்டு சொல்லும் ஆவணம் இல்லாவிட்டாலும் பேச்சும் கோயில்களும் அந்தத் திசையையே காட்டுகின்றன. முதுவரும் மலைப்புலையரும் காட்டுக் குடிகளில் வாழ்கிறார்கள். 1877-இல் பூஞ்சாறு அரசகுடும்பத்திடம் ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்க, மழைபெய்யும் மேட்டில் தேயிலை பரவியது. வறண்ட பள்ளத்தாக்கோ உடுமலைச் சந்தையோடு உறவாடிக்கொண்டிருந்தது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிய போராட்டம் பலிக்கவில்லை; அஞ்சுநாடு கேரளத்தில் நின்றது.

தண்ணீர் மட்டும் எல்லையைக் கேட்கவில்லை. பாம்பாறு கிழக்கே ஓடி அமராவதியாகிக் காவிரியில் கலக்கிறது. இதே இயல்புடைய இன்னொரு பகுதி பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி: அதன் கிழக்குப் பாதியும் மழை மறைவு, அதன் பவானியும் காவிரிக்கே போகிறது. 2007-இல் காவிரி நடுவர் மன்றம் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் பவானிக்கு 6, பாம்பாற்றுக்கு 3, மீதி 21 கபினிப் படுகைக்கு.

வறட்சிக்கு நடுவே மறையூரில் கரும்பு பச்சைப்பசேலென நிற்பது புதியவரை வியக்கவைக்கும். மேல்மலை ஓடைகளை வாய்க்காலில் திருப்பிக் கொண்டுவந்த நீர்தான் அதற்குக் காரணம். வயலோரக் கொட்டகைகளிலேயே ஆலை. சாற்றைக் கொப்பரையில் காய்ச்சி, பாகு இறுகும் பதத்தில் கையால் உருட்டுகிறார்கள். ஓடை நீர் எட்டாத சரிவுகளில் சந்தனம். மழை குறைந்த கல்நிலத்தில் அதன் வைரம் மணம் கூடி முற்றுகிறது. இயற்கையாய் வளர்ந்த இக்காட்டை வனத்துறை வேலியிட்டுக் காக்கிறது. காய்ந்தும் விழுந்தும் கிடைக்கும் மரங்களை மறையூர்க் கிடங்கில் சேர்த்து இணையவழி ஏலம் விடுகிறது. முன்பு திருட்டுக் கோடரிக்குப் பேர்போன காடு இது.

மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூர் வெல்லம் அதே பெயரில் சந்தைக்கு வந்து விலையை இறக்கியதே அதைக் கேட்டுப்பெறத் தூண்டியது. குறியீடு வந்த பிறகும் கடைத்தெருவில் எது அசல் என்று கண்டுபிடிப்பது வாங்குபவர் பாடாகவே இருக்கிறது.