கொக்கி ஊசியும் வண்ணப் போர்வையும்



யூபிலி விழாவையொட்டி நம் மாதர் சங்கத்தார் நடத்திய கைவேலைக் காட்சியில், உல்லன் நூலால் கட்டம் கட்டமாகப் பின்னிய பெரியதொரு போர்வையைக் கண்டோம். கடையில் வாங்கியது என்றே எண்ணினோம். அருகில் நின்ற மூதாட்டி சிரித்துவிட்டார். "கடைச் சரக்கு இல்லே சாமி, எல்லாம் மிச்ச நூலு" என்றார். சிறுமியாயிருந்தபோது கன்னியர் மடத்துப் பள்ளியில் கற்ற வேலையாம். இம்மலரில் கோபுரத்துக்கும் மணிக்கும் வரலாறு எழுதியிருக்கிறோம். அப்போர்வைக்கும் வரலாறு உண்டு. அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குவதே நியாயம்.

குரோஷா என்பது, சிறு கொக்கி எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஐரோப்பியச் சீமாட்டிகளின் பொழுதுபோக்காயிருந்த இவ்வேலையை ஏழையரின் பிழைப்பாக்கியது அயர்லாந்துப் பஞ்சமே. 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் கருகல் நோய் விழுந்தது. அதையே உண்டு வாழ்ந்த குடியானவர்களில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் பசியாலும் பிணியாலும் மாண்டனர். அதே அளவினர் கப்பலேறி நாட்டைவிட்டே அகன்றனர். அக்காலத்தில் கார்க் நகரை அடுத்த பிளாக்ராக்கில் உர்சுலா சபைக் கன்னியர் ஏழைப் பெண்களுக்கு இப்பின்னலைக் கற்பித்தனர். 1847-ல் குளோன்ஸ் என்னும் ஊரில், ஆங்கிலிக்கன் குருவின் மனைவியான கசாண்ட்ரா ஹாண்ட் அம்மையாரும் இதையே தொடங்கினார். கொள்கையில் ஒட்டாத இரு சபையாரும் பசியின் முன் ஒரே ஊசியை எடுத்தார்கள்!

காரணம் எளிது. தறி வேண்டாம், மேசை வேண்டாம். ஒரு கொக்கியும் ஒரு நூலுருண்டையும் போதும். கொக்கியில் ஒரு கண்ணியே நிற்பதால், அடுப்பு பொங்கினாலும் பிள்ளை அழுதாலும் வேலையை அப்படியே கீழே வைத்துவிட்டு எழலாம். ஒருத்தி ரோஜாவும் இன்னொருத்தி இலையுமாகப் பின்ன, வேறொருத்தி அவற்றை இணைத்தாள். அவை சீமாட்டிகளின் ஆடைகளை அலங்கரித்தன. பின்னிய பெண்களின் பெயர்களோ பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை. இது நமக்கு உறுத்துகிறது.

அயர்லாந்தில் வெண்ணூல் பூக்கள் என்றால், அமெரிக்கப் பண்ணை வீடுகளில் கம்பளிக் கட்டங்கள். 1885-ல் 'பிரெய்ரி ஃபார்மர்' என்ற உழவர் இதழ் இத்தகைய கட்டத்தின் படத்தை அச்சிட்டது. வண்ணங்கள் மலிந்ததற்கும் ஒரு கதை உண்டு. 1856-ல் இலண்டனில் பெர்க்கின் என்ற 18 வயது இளைஞர் மலேரியாவுக்கான கொயினா மருந்தைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். மருந்து கிட்டவில்லை, ஊதாச் சாயம் கிட்டியது! அதன்பின் செயற்கைச் சாயங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

நம் பக்கத்திலும் கன்னியரே இத்தகைய கைவேலைகளுக்கு ஆசான்கள். 1897-ல் பெல்ஜிய நாட்டு மரி லூயிஸ் தெ மேஸ்டர் அன்னை முளகுமூட்டுக்கு வந்து அநாதைச் சிறுமியரை ஏற்றார். அவ்வூர் மடத்தில் லேஸ் பின்னலும் தையலும் சிறுமியர் கைக்குத் தொழிலாயின.

கட்டத்தின் கணக்கை அம்மூதாட்டி நமக்கு விளக்கினார். குருமடத்தில் தத்துவம் கற்ற நமக்கு அது எளிதில் பிடிபடவில்லை. நடுவில் சிறு வளையம். முதற்சுற்றில் மும்மூன்று தையல் கொண்ட 4 கொத்து; இரண்டாவதில் 8; மூன்றாவதில் 12; நான்காவதில் 16. மூலைதோறும் இரு கொத்துகள் வருவதால்தான் வட்டம் சதுரமாகிறது. ஆக ஒரு கட்டத்துக்கு 40 கொத்து, 120 தையல். அவர் போர்வையில் 120 கட்டங்கள். அதாவது 14,400 தையல்கள். கட்டங்களை ஒன்றோடொன்று இணைத்த வேலை இதில் சேரவில்லை.

மலரில் அவர் பெயரை எழுத அனுமதி கேட்டோம். போர்வையின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். "வேண்டாம் சாமி. இந்த மூலையிலே பச்சை தீர்ந்துபோய் நீலம் போட்டுட்டேன், பாருங்க."