மாளிகைச் சுவரும் கணக்கேடும்

பச்சைப் பசும்புல்வெளி, அன்னம் நீந்தும் ஏரி, அதற்கப்பால் தூண்கள் அணிவகுத்து நிற்கும் மாளிகை! உள்ளே சென்றால், பொன்முலாம் பூசிய கூரை, பட்டுத் திரை, சுவரெங்கும் ஓவியம். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் இத்தகைய மாளிகைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. கட்டணம் கொடுத்துக் காண்கின்றனர் மக்கள், கண்டு களிக்கின்றனர். களிக்கட்டும்! கலை கண்ணுக்கு விருந்து. அதை வேண்டாமென்பார் இல்லை. ஆனால், விருந்து உண்டவர், உலை வைத்தவர் யார், அரிசி எவர் வீட்டது என்று கேட்பதும் முறைதானே!

அந்தக் கேள்வியை நெடுங்காலம் எவரும் கேட்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இம்மாளிகைகளைப் பார்க்க வருவோர் உண்டு. வீட்டுப் பொறுப்பாள அம்மையார் அறை அறையாக அழைத்துச் சென்று காட்டுவார். கையில் காசு பெறுவார். பின்னர் அறிஞர்கள் வந்தனர். பெர்லின் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வாகன் என்பார், மாளிகை மாளிகையாகச் சென்று, எந்தச் சுவரில் எவருடைய ஓவியம் தொங்குகிறது என்று ஆய்ந்து, 1854இல் பெருநூலே வெளியிட்டார். அரிய உழைப்பு; அதனை நாம் மதிக்கிறோம். எனினும், தூரிகை பிடித்த கையைத் தேடிய அந்த ஆய்வு, பணம் வந்த வழியைத் தேடவில்லை.

நாம் தேடிப் பார்ப்போம்.

யார்க்‌ஷயர் வட்டாரத்தில் ஹேர்வுட் மாளிகை. 1759இல் கால்கோள், 1771இல் குடிபுகுதல். ஜான் கார் கட்டினார்; ராபர்ட் ஆடம் உள்ளறைகளை ஒப்பனை செய்தார்; சிப்பண்டேல் நாற்காலியும் மேசையும் கடைந்து கொடுத்தார்; ரெனால்ட்ஸ் குடும்பத்தாரின் உருவம் தீட்டினார். கட்டியவர் எட்வின் லாசல்ஸ். அவருடைய தந்தை ஹென்றி லாசல்ஸ் பொருள் குவித்த இடம் பார்படோஸ் தீவு. சர்க்கரை வாணிபம், தோட்டக்காரர்க்குக் கடன், ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து விற்ற கொடுந்தொழிலில் பங்கு — இவையே அந்தச் செல்வத்தின் ஊற்றுக்கண். யார்க்‌ஷயரில் தூண் எழுந்தது. பார்படோஸில் முதுகு வளைந்தது!

1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றிற்று ஆங்கில நாடாளுமன்றம். இழப்பீடு இரண்டு கோடிப் பவுண்டு. யாருக்கு? சவுக்கடி பட்டவனுக்கா? அன்று! சவுக்கை வைத்திருந்தவனுக்கு! 1,277 பேரைத் தம் உடைமை என்று கணக்குக் காட்டி, 26,000 பவுண்டுக்கு மேல் பெற்றார் ஹேர்வுட்டின் இரண்டாம் பிரபு. விடுதலை பெற்றோருக்குச் சல்லிக்காசும் இல்லை. பயிற்சித் தொழிலாளர் என்ற பெயரில் 1838 வரை அதே தோட்டத்தில் உழைப்பு! இந்த இழப்பீட்டுக்காக அரசு பட்ட கடன் முழுதும் தீர்ந்தது 2015இல்தான் என்றால், இது பழங்கதை என்று எவர் சொல்ல முடியும்?

அடுத்து, வேல்ஸ் நாட்டிலுள்ள போவிஸ் கோட்டை. இது நமக்குத் தொலைவில் இல்லை. நம் மண்ணின் புழுதி அதன் வாயிலில் ஒட்டியிருக்கிறது. 1744இல் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக் கோட்டைக்கு வந்தவர் ராபர்ட் கிளைவ். 1757இல் பிளாசிப் போர் முடிந்ததும் மீர் ஜாபரிடம் அவர் பெற்ற 'அன்பளிப்பு' 2,34,000 பவுண்டு. அந்தச் செல்வம் நிலமாயிற்று, மாளிகையாயிற்று, ஐரோப்பிய ஓவியங்களுமாயிற்று. மகன் எட்வர்டு கிளைவ் 1784இல் போவிஸ் குடும்பத்துப் பெண் ஹென்ரியட்டாவை மணந்தார். 1798இல் சென்னையின் ஆளுநரானார்.

1799 மே 4. சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு களத்தில் மடிந்தார். அவருடைய சிம்மாசனத்தை உடைத்துத் துண்டு துண்டாகப் பங்கிட்டனர் வென்றோர். அதிலிருந்த பொற்புலித் தலைகளில் ஒன்றும், திப்புவின் பூ வேலைப்பாடமைந்த பருத்திக் கூடாரமும் இன்று போவிஸ் கோட்டையில் உள்ளன. போர்க்களத்துக் கூடாரம், சீமாட்டிகளின் தோட்ட விருந்துக்கு நிழற்பந்தலாகவும் பயன்பட்டதாம்! புலித் தலையின் அருகே நின்று, எவ்வளவு நுண்ணிய பொற்பணி என்று வியப்பவர், பொற்கொல்லரையும் மறந்தார், கொள்ளையையும் மறந்தார்.

அதே எட்வர்டு கிளைவ் சென்னையில் எழுப்பியதுதான், இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் விருந்து மண்டபம். 1802இல் முடிந்தது. பிளாசி வெற்றிக்கும் சீரங்கப்பட்டண வெற்றிக்கும் நினைவுச் சின்னம்! அரசியல் தலைவர்களின் இறுதி ஊர்வலம் புறப்படும் படிக்கட்டாகவே அதனை அறிந்த நம் இளைஞர், எவருடைய தோல்வியைக் கொண்டாட அது கட்டப்பட்டது என்பதையும் அறிதல் வேண்டும்.

எல்லா மாளிகையும் ஒரே பாடம் சொல்வதில்லை. அதே வேல்ஸில் எர்டிக் என்றொரு மாளிகை. அங்கே பிரபுக்களின் படத்தோடு, தச்சர், வேட்டைக்காவலர், முதுமையுற்ற வேலைக்காரி ஆகியோரின் படங்களையும் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தீட்டச் செய்தனர், யார்க் குடும்பத்தார். எசமானரின் பரிவுதான் அது. சம உரிமை அன்று. ஆயினும், உழைத்த முகம் ஒன்று சுவரில் இடம் பெற்றது எத்துணை அரிது! மற்ற மாளிகைகளின் வெற்றுச் சுவர்களை அது காட்டிக் கொடுக்கிறதே!

1894இல் மரணவரி வந்தது. பிரபுக்களின் பிடி தளர்ந்தது. 1895இல் தோன்றிய தேசிய அறக்கட்டளையின் பொறுப்புக்குப் பல மாளிகைகள் வந்தன. போவிஸ் 1952இல், எர்டிக் 1973இல். அந்த அறக்கட்டளையே 2020இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் காவலிலுள்ள 93 இடங்களுக்குக் குடியேற்ற ஆதிக்கத்தோடும் அடிமை முறையோடும் உள்ள தொடர்பை அடுக்கிக் காட்டியது. எழுந்தது கூச்சல்! பெருமையைச் சிறுமைப்படுத்துகிறார்கள் என்றனர். வரலாற்றைத் திருத்துகிறார்கள் என்றனர். அறநிலையங்களைக் கண்காணிக்கும் ஆணையம் ஆராய்ந்து, அறிக்கையில் சட்ட மீறல் இல்லை என்று 2021இல் கூறிற்று.

கூச்சலிட்டோரை நாம் கேட்கிறோம்: கணக்கேட்டைத் திறந்தால் ஓவியத்தின் வண்ணமா உதிர்ந்துவிடும்? ரெனால்ட்ஸின் தூரிகைத் திறன் குறைந்தா போகும்? குறையாது. உண்மையைக் கேட்டு வாடுவது கலை அன்று, குலப் பெருமை! அதனைக் கலைக்கு வேலியாக நட்டவர்கள், இப்போது வேலி சாய்கிறதே என்று புலம்புகின்றனர்.

மாளிகைகளை இடிக்கச் சொல்லவில்லை நாம், படிக்கச் சொல்கிறோம். இது எதனால் ஆனது? எவர் கைகள் செய்தன? எவர் பணம், எவ்வழி வந்தது? இம்மூன்று கேள்விகளையும் யார்க்‌ஷயரில் கேட்டால் பார்படோஸ் பதில் சொல்கிறது. போவிஸில் கேட்டால் சீரங்கப்பட்டணம் பதில் சொல்கிறது. நம் ஊர் அரண்மனையிலும், சமீன் மாளிகையிலும், செல்வர் வீட்டு முற்றத்திலும் கேட்டால், பதில் சொல்ல நம் பாட்டனும் பாட்டியும் வருவர்.

கேட்கும் துணிவுதான் தேவை, தோழர்களே! அடுத்த முறை ஒரு மாளிகைக்குள் நுழையும்போது, ஓவியத்தை ஆசை தீரப் பாருங்கள். பின்னர், கணக்கேடு எங்கே என்று கேளுங்கள்!