ஊனுண்ணி வருணம்: பகுப்பின் வரலாறு

ஊனுண்ணி என்னும் பெயர் உணவைச் சுட்டுகின்றது. அப்பெயர் தாங்கும் முலையூட்டி வருணமோ உறவால் அமைந்தது. இவ்விரண்டும் ஒன்றெனவே நெடுங்காலம் கருதப்பட்டன. 1758இல் லினேயசு கழுதைப்புலியை நாய்ச் சாதியில் வைத்தார். 1817இல் கூவியே தமது ஊனுண்ணிப் பிரிவில் வௌவாலையும் முள்ளெலியையும் சேர்த்துக்கொண்டார்.

பல்லின் சான்றை நாம் புறக்கணித்தல் இயலாது. மேற்றாடையின் நான்காம் முன்கடைவாய்ப்பல்லும் கீழ்த்தாடையின் முதலாம் கடைவாய்ப்பல்லும் கத்தரிக்கோலின் அலகுகள்போல் இயங்கி ஊனை அறுப்பதே இவ்வருணத்தின் சிறப்பியல்பு. ஆயின் கூர்ப்பின் போக்கில் உணவு மாறப் பல்லும் மாறும். கரடியில் அவ்வலகுகள் மழுங்கிவிட்டன. எனவே 1869இல் ஆங்கில அறிஞர் வில்லியம் ஃபிளவர் மண்டையோட்டின் அடிப்பாகத்தை நாடினார். நடுச்செவியை மூடும் என்புக் குமிழைப் பூனையில் ஓர் உட்சுவர் இரண்டாக்குகின்றது. கரடியில் அச்சுவர் இல்லை. செவிக்கும் உணவுக்கும் தொடர்பேது? இவரது பகுப்பில் கழுதைப்புலி பூனையின் அணியைச் சேர்ந்தது.

அதே ஆண்டில், சீனாவிற் பணியாற்றிய பிரெஞ்சுப் பாதிரியார் ஆர்மன் டாவிட், பாண்டாவைக் கரடியென விவரித்தார். மறு ஆண்டே மில்ன் எட்வர்ட்சு, பல்லையும் என்பையும் கொண்டு அதனைச் சிவப்புப் பாண்டாவுக்கு உறவாக்கினார். மூங்கிலை அரைக்கும் அகன்ற பற்களே அவரை மயக்கின என்பது எமது கருத்து. அம்மயக்கம் ஒரு நூற்றாண்டு நீடித்தது. 1964இல் டேவிசின் உடற்கூற்றாய்வும் 1985இல் ஓபிரையன் குழுவினரின் மூலக்கூற்றாய்வும் பாண்டா கரடியே என நிறுவின. சிவப்புப் பாண்டாவும் மூங்கிலையே பெரிதும் தின்பது. ஆயினும் அது இன்று தனிக் குடும்பம்.